பட்டாணி அளவு

பள்ளியில் சேர்க்க இரண்டு புகைப்படம் கேட்டிருந்தார்கள். புகைப்படக் கடை என்னுடையது. மகளைக் கடைக்குக் கூட்டி வந்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். நான்கு வயது. வீட்டில் அவள் பெயர் வாலு.

“சிரி,” என்றேன்.

உதட்டை ஒட்டிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்பாவின் சிரிப்பு அது. கன்னம் மட்டும் மேலே ஏறும். வாய் திறக்காது.

“பல்லக் காட்டிச் சிரிடி.”

“பல்லெல்லாம் காட்டக் கூடாது.”

“யார் சொன்னா?”

“அப்பா காட்ட மாட்டாங்களே.”

“அப்பா கிடக்கட்டும். குரங்கு எப்படிச் சிரிக்கும்?”

குரங்கு என்றதும் எல்லாப் பல்லும் வெளியே வந்தது. எடுத்துவிட்டேன்.

கடையில் ஆள் இல்லை. படத்தைக் கணினியில் ஏற்றினேன். என் தொழிலில் பாதி எடுப்பது. மீதி அழிப்பது. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், பெரிய மனிதர்களின் மூக்கு முடி. கை தானாகப் போகும். வாலுவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை எடுத்தேன். மூக்கின் கீழே காய்ந்திருந்ததை எடுத்தேன். மேல்வரிசை முன்பல் நான்கிலும் ஈறை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு இருந்தது. அதையும் எடுத்தேன்.

எடுத்த பிறகுதான், எடுத்தது என்ன என்று பார்த்தேன்.

பொத்தானை அழுத்தித் திரும்ப வரவழைத்தேன். கோடு வந்தது. பெரிதாக்கினேன். திரையின் அகலத்துக்கு நான்கு பல். கோடு நேராக இல்லை. ஓரம் அரித்த காகிதம் போல இருந்தது.

ஐந்து மாதத்துக்கு முந்தைய பிறந்தநாள் படத்தைத் திறந்தேன். அதில் பல் முத்துப் போல இருந்தது. அது நான் திருத்திய படம். திருத்தாத படம் வேறு கோப்பில் இருந்தது. அதே இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. சுண்ணாம்பு தடவியது போல. அதையும் நான்தான் துடைத்திருக்கிறேன். வாயோரத்துக் கேக்கோடு சேர்த்து.

ஒரு வாரமாக அவள் வலப்பக்கமே மெல்லுகிறாள். சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

என் கணவருக்குக் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் வேலை. தண்ணீரில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. ஃபுளோரைடு அவருடைய பிரிவு. கேட்டு வாங்கிக்கொண்ட பிரிவு.

அவர் சிறுவயதில் குடித்தது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதில் ஃபுளோரைடு அதிகம். பல் முளைப்பதற்கு முன்பே, ஈறுக்குள் இருக்கும்போதே கறை ஏறிவிட்டது. மஞ்சளும் பழுப்புமாக வரி வரியாக. தேய்த்தால் போகாது. பள்ளியில் அவருக்குப் பட்டப்பெயர் துரு. அன்று மூடிய வாய். பேசும்போதுகூட மேலுதடு அசையாது. அவசரமாகப் பேச வேண்டி வந்தால் கை வாயை மறைத்துக்கொள்ளும்.

பாஸ்போர்ட் படம் எடுக்கத்தான் என் கடைக்கு முதலில் வந்தார். வாயை மூடச் சொன்னதற்கு எனக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அவர்.

வாலு பிறந்த அன்றே சொல்லிவிட்டார். இந்த வீட்டுக்குள் ஃபுளோரைடு வராது. ஆய்வுக்கூடத்தில் பழகிய முறைப்படி வீட்டிலேயே ஒரு சின்னக் கருவி வைத்துத் தண்ணீரைக் காய்ச்சி வடிப்பார். வெள்ளைக் கேனில் பிடித்து வைப்பார். வாலுவுக்குக் குடிக்க, பால் கலக்க, வாய் கொப்பளிக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான். பற்பசைக்கு மூன்று பேருந்து நிறுத்தம் தாண்டிப் போவார். அட்டையில் இலை படம் போட்ட பசை. ஃபுளோரைடு இல்லை என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதையும் அவர் நம்பவில்லை. அளந்து பார்த்த பிறகுதான் வாங்கினார்.

படம் எடுத்த அன்று மாலை, நான் சொன்னதும், வாலுவைச் சமையல் மேடையில் உட்கார வைத்து டார்ச் அடித்தார். என் தம்பியும் இருந்தான். பிஸ்கட் கம்பெனி வேன் ஓட்டுபவன். வேலை முடிந்தால் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவான்.

“ஆ காட்டு. இன்னும் பெருசா.”

வாலு காட்டினாள். இவர் ரொம்ப நேரம் பார்த்தார். டார்ச்சை அணைத்தார். திரும்பி என் தம்பியைப் பார்த்தார்.

“என்ன மாமா, என்னையே பாக்கறீங்க?”

“உன் பிஸ்கட்.”

“ஆரம்பிச்சுட்டாரு. அக்கா, இந்த வீட்ல எது நடந்தாலும் என் பிஸ்கட்தான். போன மாசம் எறும்பு வந்ததுக்கும் நான்தான்.”

“எறும்புக்கும் நீதான்,” என்றேன்.

“ஒரு நாளைக்கு எத்தனை குடுக்கற?” என்றார் இவர்.

“ரெண்டு.”

“வாலு, மாமா உனக்கு எத்தனை பிஸ்கட் குடுப்பாரு?”

வாலு விரலை விரித்தாள். ஒரு கை போதவில்லை. இன்னொரு கையையும் எடுத்தாள்.

“பிள்ளைக்கு இன்னும் எண்ணத் தெரியல மாமா. ஸ்கூல்ல போடுங்க முதல்ல.”

“எல்லா டப்பாவையும் எடுத்துட்டுப் போ.”

“சரி, போறேன். ஒண்ணு கேக்கட்டுமா? நானும் சின்ன வயசுல இதே பிஸ்கட்தான் தின்னேன். அக்காவும் தின்னா. எங்களுக்கு ஏன் சொத்தை வரல?”

“உனக்கு மூணு பல்லு அடைச்சிருக்குடா,” என்றேன்.

“மூணுதானே. நாலு வயசுலயா அடைச்சாங்க?”

இவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். பல் டாக்டரின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

பல் டாக்டர் என்னைவிட இளையவர். குழந்தைகளுக்கு மட்டும் பார்ப்பவர். நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் ஒரு மீன் படம் ஒட்டி வைத்திருந்தார். வாயைப் பிளந்த மீன். வாலு அதைப் பார்த்துக்கொண்டே வாயைப் பிளந்தாள். டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு எண்ணினார்.

இருபது பல். கீழ்க் கடைவாயில் இரண்டு ஓட்டை. மேலே நான்கில் கோடு. இடப்பக்க ஓட்டையைத் தொட்டதும் வாலு கத்தினாள். டாக்டர் உடனே கையை எடுத்துவிட்டார்.

“பாட்டில்ல பால் குடிச்சுட்டே தூங்குவாளா?”

“மூணு வயசு வரைக்கும். இப்ப இல்ல,” என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

“பிஸ்கட், சாக்லெட்?”

“அதுக்குன்னு ஒரு ஆள் இருக்கான்,” என்றார் இவர். “வெளிய வேன்ல உக்காந்திருக்கான். கூப்பிடவா?”

“வேண்டாம் சார். என்ன பேஸ்ட்?”

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகவே வந்தவர் போல.

“ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்.”

“குடிக்கற தண்ணி?”

“காய்ச்சி வடிச்சது. ஃபுளோரைடு பூஜ்யம். நானே அளந்தது.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

“எவ்வளவு நாளா?”

“நாலு வருஷமா. ஒரு சொட்டு உள்ள போகல.”

“பாதிப் பிரச்சினை அதான் சார்.”

இவர் என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

“இனிப்பு சாப்பிடற ஒவ்வொரு தடவையும் பல்லு மேல கொஞ்சம் கரையும்,” என்றார் டாக்டர். “எச்சில் அதைத் திருப்பிக் கட்டும். கொஞ்சூண்டு ஃபுளோரைடு பக்கத்துல இருந்தா கெட்டியாக் கட்டும். இவளுக்குக் கரையறது நல்லா நடந்திருக்கு. கட்டறது பத்தல.”

“மேடம், நான் ஃபுளோரைடு பிரிவு.”

“தெரியுது சார். ரெண்டு ஓட்டையையும் அடுத்த வாரம் அடைச்சிடலாம். முன்பல்லு நாலும் இன்னும் ஓட்டை ஆகல. இப்பவே எல்லாப் பல்லுக்கும் வார்னிஷ் பூசினா அது அப்படியே நிக்க வாய்ப்பு இருக்கு. தள்ளிப் போட்டா அதுவும் ஓட்டை. நரம்பு வரைக்கும் போச்சுன்னா பிடுங்கறதுதான்.”

“என்ன வார்னிஷ்?”

“ஃபுளோரைடு வார்னிஷ்.”

“எத்தனை பிபிஎம்?”

டாக்டர் குழாயைத் திருப்பிப் படித்தார். “இருபத்திரெண்டாயிரத்து அறுநூறு.”

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. தண்ணீரில் அது ஒன்றரைக்கு மேல் போனால் கிணற்றையே மூடச் சொல்லி எழுதுபவர் என் கணவர்.

“இருபத்திரெண்டாயிரமா?”

“ஆமா சார். ஆனா பூசறது...”

“விஷம் மேடம் அது! என் பொண்ணு வாயில விஷத்தைப் பூசுவீங்களா?”

எழுந்துவிட்டார். கை வாயை மறைக்கவில்லை. மறந்துவிட்டார். டாக்டர் அவர் பல்லைப் பார்த்தார். பார்த்ததை இவரும் பார்த்தார். வாயை மூடினார். வாலுவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

டாக்டர் என்னிடம் கேட்டார். “கிணத்துத் தண்ணியா?”

“ஆமா.”

“அவர் பயப்படறது நியாயம்தான். இவளுக்கு நிலையான பல்லு இப்ப உள்ளதான் வளருது. அளவு மீறி முழுங்கினா அதே கறை வரும். ஆனா ரொம்ப நாள் பயந்துட்டே இருக்க நேரமில்ல. ரெண்டு வாரத்துல கூட்டிட்டு வாங்க.”

வேனில் தம்பி பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அதுக்குள்ள முடிஞ்சுதா?”

வாலு அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். “மாமா, டாக்டர் விஷம் வச்சிருக்காங்க.”

“வச்சிருப்பாங்க, வச்சிருப்பாங்க. உங்க அப்பாவைப் பாத்தா யாருக்குமே தோணும்.”

மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தேன், சாப்பிட்டார். துணி துவைத்தார், மடித்தேன். வாலு மட்டும் இருவரிடமும் பேசினாள். இருவருக்கும் சேர்த்துப் பேசினாள்.

“அம்மா, அப்பா உப்பு கேக்கறாங்க.”

“வாய் இல்லையாமா அவருக்கு?”

“அப்பா, அம்மா கேக்கறாங்க, உங்களுக்கு வாய் இல்லையா?”

நான்காம் நாள் கடையில் உட்கார்ந்து வாலுவின் திருத்தாத படங்களையெல்லாம் தேடினேன். ஐந்து மாதத்தில் ஐந்து படம் கிடைத்தது. எல்லாவற்றிலும் வாயை மட்டும் வெட்டி எடுத்தேன். ஒரே அளவில் அச்சிட்டேன். முதல் படத்தில் வெள்ளைக் கோடு. இரண்டாவதில் கோடு அகலம். மூன்றாவதில் ஓரம் மங்கல். நான்காவதில் லேசாகப் பழுப்பு. ஐந்தாவது பள்ளிக்கு எடுத்தது. கீழே தேதி எழுதினேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வரிசையாக ஒட்டினேன்.

தம்பி முதலில் பார்த்தான்.

“என்னக்கா இது, பேய்ப்படம் மாதிரி?”

“உன் மருமக வாய்.”

அருகில் போய்ப் பார்த்தான். ஒன்றிலிருந்து ஐந்துக்கு நகர்ந்தான். கையில் பிரித்து வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

இவர் வந்தார். செருப்பைக் கழற்றியவர் கதவின் முன்னால் நின்றுவிட்டார். ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் மாதிரிகளைப் பார்க்கும் முகம். கைகள் பின்னால் கட்டியிருந்தன.

“தேதி சரியா?” என்றார். மூன்று நாளில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

“சரி. எல்லாம் மூலப் படம்.”

“மூலப் படம்னா?”

“திருத்தாதது. வீட்ல மாட்டினது எல்லாம் நான் திருத்தினது. கோட்டை அழிச்சிருக்கேன்.”

“தெரிஞ்சா?”

“தெரியாம. கை போயிடுச்சு.”

“எத்தனை படத்துல?”

“மூணு.”

மறுபடி முதல் படத்துக்குப் போய் நின்றார். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. தம்பி தொண்டையைச் செருமினான்.

“மாமா, கோபப்படாம ஒரு கேள்வி. குழாய்ல வர்ற தண்ணில இந்த ஃபுளோரைடு எவ்வளவு?”

“பாயிண்ட் அஞ்சு.”

“அது நல்லதா கெட்டதா?”

“நல்ல தண்ணி. தினமும் நான்தான் பாத்துக் கையெழுத்துப் போடறேன்.”

“ஊரே குடிக்கற தண்ணிக்கு நீங்க கையெழுத்து. உங்க வீட்ல மட்டும் கேன். வெளிய தெரிஞ்சா என்ன ஆகும் மாமா?”

“நீ வேனை எடுத்துட்டுக் கிளம்பு.”

“கிளம்பறேன். அந்த வார்னிஷ்னு சொன்னாங்களே, அது கதவுக்கு அடிக்கறதா?”

“கிளம்புடா,” என்றேன் நான்.

மறுநாள் மதியம் கடைக்கு வந்தார். அந்த நேரத்தில் அவர் வந்ததே இல்லை. வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“டாக்டருக்குப் போன் பண்ணினேன்.”

“என்ன கேட்டீங்க?”

“எத்தனை மில்லின்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“கால் மில்லி. இருபது பல்லுக்கும் சேத்துக் கால் மில்லி.” என் மேசையில் கிடந்த பழைய அச்சு ஒன்றைத் திருப்பிப் போட்டார். பேனாவை எடுத்தார். “இருபத்திரெண்டாயிரம்னா மில்லிக்கு இருபத்திரெண்டரை மில்லிகிராம். கால் மில்லில அஞ்சரை, அஞ்சே முக்கால். அவ்வளவுதான். முழுக்க முழுங்கினாக்கூட.”

“அன்னைக்கே கேட்டிருக்கலாம்.”

“அவங்க சொல்லல.”

“சொல்ல வந்தாங்க. நீங்க நடந்துட்டீங்க.”

பேனாவின் நுனியைப் பார்த்தார். பிறகு கீழே இன்னொரு கணக்கைப் போட்டார். வேலையில் சேர்ந்ததும் அவர் முதலில் அளந்தது தான் குடித்து வளர்ந்த கிணற்றுத் தண்ணீரைத்தான். விடுப்பு எடுத்துப் போய் ஒரு பாட்டிலில் பிடித்து வந்தார். அந்த எண்ணை இதுவரை என்னிடம் சொன்னதில்லை. இப்போது எழுதினார். லிட்டருக்கு நான்கே கால்.

“ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் குடிச்சிருப்பேன்,” என்றார். “எட்டரை. தினமும் எட்டரை. எட்டு வருஷம். அவளுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அஞ்சே முக்கால்.”

எண்களை மட்டும் பார்த்தேன். கணக்குப் போட்டு வந்தவரிடம் பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து போடுவார்.

“சனிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க,” என்றார்.

சனிக்கிழமை டாக்டர் அறை அப்படியே இருந்தது. மீன் இருந்தது. வாலு நாற்காலியில் ஏறினாள். ஏறி, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“ஆ சொல்லு கண்ணு,” என்றார் டாக்டர்.

தலையை ஆட்டினாள்.

“மீன் பாரு, எவ்வளவு பெருசாத் திறந்திருக்கு.”

தலையை ஆட்டினாள்.

“வாலு, திற,” என்றேன்.

உதட்டைப் பிரிக்காமல் ஏதோ சொன்னாள்.

“என்னடி?”

டாக்டரின் கையைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் திறந்து, “விஷம்,” என்றாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

டாக்டர் இவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். போதாதென்று அன்று உள்ளே வந்திருந்த தம்பியும் பார்த்தான்.

“அது விஷம் இல்ல கண்ணு,” என்றார் இவர். “அப்பா தப்பாச் சொல்லிட்டேன்.”

வாலு அவர் முகத்தைப் படித்தாள். நம்பவில்லை. அப்பா அளந்து சொன்னதை அப்பாவே மாற்றுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“கால் மில்லிதான்,” என்றார். “பாரு, இத்துனூண்டு.”

உதடு இன்னும் இறுகியது.

“இவகிட்ட பிபிஎம் எல்லாம் எடுபடாது மாமா,” என்றான் தம்பி. “இங்க வா வாலு, நான் ஒரு பிஸ்கட்...”

“வாயை மூடு,” என்றோம் மூன்று பேரும்.

டாக்டர் தட்டிலிருந்து சின்ன பிரஷை எடுத்தார். கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வாலு மட்டும் ஒரு விரலை நீட்டினாள். அப்பாவை நோக்கி.

“அப்பாவுக்கு முதல்ல பூசணுமா?” என்றார் டாக்டர்.

தலை மேலும் கீழும் ஆடியது.

இவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கதவு திறந்திருந்தது. அந்தப் பக்கம் இரண்டு தாய்மார், மூன்று பிள்ளைகள். எழுந்து கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். சாத்தவில்லை. வாலுவைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தைகள் நாற்காலி. முழங்கால் மேலே வந்தது. மீனைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

ஆறு வருடமாக அவரோடு வாழ்கிறேன். கடைவாய்ப் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் கண்ணாடியை விட்டுச் சுற்றிலும் பார்த்தார். “முப்பத்திரெண்டு. ஒண்ணுல கூடச் சொத்தை இல்ல சார்.”

இவர் தொண்டைக்குள் ஏதோ சொன்னார்.

“கறைதான். பல்லு கல்லு மாதிரி இருக்கு.”

டாக்டர் பஞ்சால் துடைத்துப் பூச ஆரம்பித்தார். வாலு என் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். போதவில்லை. இறங்கிப் போய் நாற்காலியின் கைப்பிடியில் ஏறினாள். அப்பாவின் மோவாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். அவளும் இதுவரை பார்த்ததில்லை.

“அம்மா, அப்பா பல்லு கிரீம் பிஸ்கட் மாதிரி இருக்கு.”

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

“பழுப்பு, வெள்ளை, பழுப்பு,” என்று வாலு விரலால் காட்டினாள். “மாமா, நீங்க குடுத்ததா?”

இவர் சிரித்துவிட்டார். வாயில் பிரஷ் இருந்தது. மூட முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும் வரை, எல்லாப் பல்லும் தெரிய, சத்தமாகச் சிரித்தார். வெளியே இருந்த பிள்ளைகள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

“ஆடாதீங்க சார்,” என்றார் டாக்டர்.

பிறகு வாலுவின் முறை. ஏறினாள். திறந்தாள். டாக்டர் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பூசினார். முன்பல் நான்குக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார். இவர் பக்கத்தில் நின்று உதடு அசையாமல் எண்ணினார். இருபது ஆனதும் மூச்சை விட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“கசக்குதா?”

“ஒட்டுது,” என்றாள் வாலு. பல் மஞ்சளாக இருந்தது. நாக்கால் தடவிக்கொண்டாள்.

“மஞ்சள் நாளைக்குப் போயிடும். இன்னைக்குக் கெட்டியா எதுவும் கடிக்க வேண்டாம். ராத்திரி பல்லு தேய்க்க வேண்டாம். உங்களுக்கும் சேத்துத்தான் சார். புதன்கிழமை ஓட்டையை அடைச்சிடலாம். வீட்ல குழாய்த் தண்ணி குடுங்க. பேஸ்ட் மாத்துங்க. ஃபுளோரைடு ஆயிரம் இருக்கணும்.”

இவர் குறிப்பேட்டை எடுத்தார். “எவ்வளவு பேஸ்ட்?”

“பட்டாணி அளவு.”

“காய்ஞ்ச பட்டாணியா, பச்சைப் பட்டாணியா?”

டாக்டர் முதல்முறையாகத் தடுமாறினார். “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு மேடம்.”

“காய்ஞ்சதுன்னே வச்சுக்குங்க.”

எழுதிக்கொண்டார். அடிக்கோடு போட்டார்.

“முழுங்காம துப்பச் சொல்லுங்க. அதுதான் முக்கியம். துப்பறவரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க.”

வேனில் திரும்பும்போது தம்பி கேட்டான். “மாமா, எனக்கும் மூணு சொத்தை இருக்கே. எனக்கும் அந்தக் கேன் தண்ணியைக் குடுத்தீங்களா சின்ன வயசுல?”

“அப்ப உன்னைத் தெரியாது எனக்கு. தெரிஞ்சிருந்தா வேற ஏதாவது குடுத்திருப்பேன்.”

திங்கட்கிழமை காலை அலுவலகம் போகும் உடையோடு கழுவுதொட்டிக்கு வந்தார். புதிய பசையைத் தெருமுனைக் கடையிலேயே வாங்கியிருந்தார். அட்டையில் எண்ணை இரண்டு முறை படித்தார். சமையலறையிலிருந்து ஒரு காய்ந்த பட்டாணியை எடுத்து வந்து தொட்டியின் விளிம்பில் வைத்தார். பிரஷில் பசையைப் பிதுக்கினார். பட்டாணியைப் பார்த்தார். பிரஷைப் பார்த்தார். தீக்குச்சியால் கொஞ்சம் வழித்து எடுத்தார்.

“நேரமாச்சு,” என்றேன்.

“இரு.”

“எனக்கு இவ்ளோதானா?” என்றாள் வாலு.

“இவ்ளோதான்.”

“மாமா நிறைய வச்சுக்கறாரு.”

“அவன் மாடு.”

வாலு தேய்த்தாள். மேலே, கீழே, பக்கத்தில். இடப்பக்கம் வந்தபோது கண்ணைச் சுருக்கினாள். இவரும் கண்ணைச் சுருக்கினார். கன்னம் இரண்டும் நுரையால் உப்பிவிட்டது. இவர் பதறிப்போய் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

“துப்பு. முழுங்காத. எல்லாத்தையும் துப்பு. முழுங்கிட்டியா? முழுங்கலையே? துப்பு!”

வாலு அப்பாவைப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே துப்பினாள்.

அலுவலகச் சட்டை. வெளிர் நீலம், இஸ்திரி போட்டது. நான் துண்டை எடுக்கப் போனேன். இவர் கையை நீட்டித் தடுத்தார். சட்டையை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெளிச்சத்தில் சாய்த்து, அந்த வெள்ளைத் திட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“வந்துடுச்சு,” என்றார் என்னிடம். “எல்லாம் வெளிய வந்துடுச்சு.”

தொட்டிக்கு முன்னால் வாலு அடுத்த வாய்க்குக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள்.